கந்தோருக்குச் சொந்தமாக மெயில் சேர்வர் போட்ட கதை

எங்கள் கந்தோரில் மின்னஞ்சல் பாவிக்கிறவர்கள் 24 பேர். தலைமைக் கந்தோர் மட்டக்களப்பு நகரத்தில், கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் ஒவ்வொரு கிளை. உரம், விதைநெல், தண்ணீர்ப் பம்பி இவைதான் வியாபாரம். நான் கணக்குப் பகுதியில் வேலை செய்கிறேன். ஆனால் பிரிண்டரில் கடதாசி சிக்கினாலும் சரி, வைஃபை விழுந்தாலும் சரி, கூப்பிடுவது என்னைத்தான். வீட்டில் லினக்ஸ் போட்டு விளையாடுகிறவன் என்று ஒருமுறை வாய் தவறிச் சொன்னதன் பலன். 2022 ஜனவரியில் விற்பனைப் பகுதியில் ஒருவர் விலகிப் போனார். அவரோடு மூன்று வருடக் கடிதப் போக்குவரத்தும் போய்விட்டது. எல்லாம் அவருடைய சொந்த ஜிமெயிலில் கிடந்தது. "கந்தோர்க் கடிதம் கந்தோருக்குள்ளதான் இருக்க வேணும் தம்பி" என்றார் முதலாளி. அதில் பிழை இல்லை. பிழை, அடுத்து நான் வாயைத் திறந்ததில்.

டொலருக்கு நாடே அலைந்துகொண்டிருந்த நேரம் அது. நான் பார்த்த வெளிநாட்டு மெயில் சேவைக்குத் தலைக்கு மாதம் 6 டொலர், 24 பேருக்கு 144 டொலர். டொலர் 200 சொச்சம் ரூபாவாக இருந்தபோதே அது மாதம் 29,000 ரூபா. 2021 இல் இரசாயன உரத்துக்கு விழுந்த தடையில் வியாபாரம் ஏற்கெனவே நொந்து போயிருந்தது. மாதாமாதம் டொலர் கேட்டு முதலாளி முன்னால் நிற்க எனக்கு மனம் வரவில்லை. "சேர், இதுக்குரிய மென்பொருள் எல்லாம் இலவசம். ஒரு பழைய மெஷின் இருந்தா நானே போட்டுத் தாறன்" என்றேன். மென்பொருள் அன்றைக்கும் இலவசம், இன்றைக்கும் இலவசம். மெயில் சேர்வரில், அதாவது மின்னஞ்சலை வாங்கி, வைத்து, அனுப்பும் கணினியில், காசு போகிற இடம் அது இல்லை.

காத்தான்குடியில் கொம்பியூட்டர் கடை வைத்திருக்கும் நானா ஒருவரிடம் பாவித்த மெஷின் ஒன்று 85,000 ரூபாவுக்கு எடுத்தேன். ஒரு டெராபைட் டிஸ்க் இரண்டு, 26,000. ஒன்றில் எழுதுவது மற்றதிலும் அப்படியே எழுதப்படும்படி இரண்டையும் சோடியாக்கினேன். உபுண்டு 20.04 என்ற லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றி, கடிதத்தை வாங்கவும் அனுப்பவும் போஸ்ட்ஃபிக்ஸ், பெட்டியில் வைத்துக் கொடுக்க டவ்கொட், உலாவியில் பார்க்க ரவுண்ட்கியூப். ஒரு சனி ஞாயிறில் முடிந்தது. திங்கட்கிழமை மேல்மாடியிலிருந்து கீழே களஞ்சியத்துக்கு முதல் கடிதம் போனது. "ஆ, வந்திட்டு!" என்று களஞ்சியக்காரர் படிக்கட்டடியில் நின்று கத்தினார். கடிதம் வந்ததை விட, கந்தோர்ப் பெயரில் தனக்கொரு விலாசம் கிடைத்ததில்தான் மனுசனுக்குச் சந்தோசம். எனக்கும் தலை கொஞ்சம் வீங்கித்தான் இருந்தது. இணையம் இல்லாவிட்டாலும் ஓடும் என்று அந்தக் கிழமை முழுக்கச் சொல்லித் திரிந்தேன். அது உண்மையும்தான். கட்டடத்துக்குள் சுற்றும் கடிதத்துக்கு யாருடைய தயவும் தேவையில்லை. வாசலைத் தாண்டிக் காலெடுத்து வைத்தால்தான் கதை மாறுகிறது.

வெளியே அனுப்பிய முதல் கடிதம் என் சொந்த ஜிமெயிலுக்கு. வரவில்லை. சேர்வரில் மெயில்கியூ என்று அடித்துப் பார்த்தால், காத்துக் கிடக்கும் கடிதத்துக்குக் கீழே 'கனெக்ஷன் டைம்ட் அவுட்' (மறுபக்கம் பதில் வராமல் நேரம் கடந்துவிட்டது) என்று ஒரு வரி. மூன்று நாள், சேர்வரில் வருவதையும் போவதையும் மறிக்கும் காவலான என் ஃபயர்வோலைக் குறை சொல்லி, அதைக் கழற்றி, திரும்ப மாட்டி, கடைசியில் சேர்வரையே முதலில் இருந்து ஏற்றினேன். பிழை என் பக்கத்தில் இல்லவே இல்லை. சேர்வருக்கும் சேர்வருக்கும் இடையில் கடிதம் போவது 25ஆம் போர்ட்டால், அதாவது 25 என்று இலக்கமிட்ட வாசலால். வைரஸ் பிடித்த வீட்டுக் கணினிகள் குப்பைக் கடிதம் கொட்டாமல் இருக்க, பல இணைய நிறுவனங்கள் சாதாரண இணைப்புகளில் அந்தப் போர்ட்டை வெளிப்பக்கமாக மூடி வைத்திருக்கின்றன. ஆகவே ஒரு சதம் செலவழிக்க முதல், கந்தோரில் இருக்கும் ஏதாவது ஒரு கணினியில் டெல்நெட் என்ற சின்ன நிரலை எடுத்து, ஜிமெயிலின் மெயில் சேர்வரை 25ஆம் போர்ட்டில் தட்டிப் பாருங்கள். 220 என்று தொடங்கும் வரி வந்தால் வழி திறந்திருக்கிறது. ஒன்றும் வராமல் அப்படியே நின்றால் மூடியிருக்கிறது. இரண்டு நிமிட வேலை. நான் மெஷினுக்குக் காசு கொடுத்து, மூன்று நாளையும் தின்று முடித்த பிறகுதான் செய்தேன். வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்தால், "சேர், பேஸ்புக் திறக்குதா?" என்று கேட்டார்கள். திறக்கிறது என்றேன். "அப்ப இன்டர்நெட் வேலை செய்யுது சேர்."

வாங்குவதில் வேறு சங்கடம். ரவுட்டருக்குள் போய் வெளிப்பக்க ஐபியை, அதாவது எங்கள் இணைப்பின் இலக்க விலாசத்தைப் பார்த்தால் 100.78 என்று தொடங்கியது. 100.64 முதல் 100.127 வரைக்கும் உள்ளவை இணைய நிறுவனம் தன் வலைக்குள் மட்டும் பாவிக்கக் கொடுக்கிற விலாசங்கள். ஒரே பொது விலாசத்துக்குப் பின்னால் பல வாடிக்கையாளர்கள் நிற்பார்கள். வீட்டு இலக்கமே இல்லாத வீட்டுக்குத் தபால்காரர் எப்படி வருவார்? நிலையான ஐபி வேண்டுமென்றால் வர்த்தக இணைப்பு எடுங்கள் என்றார்கள். பொருத்த 12,000, மாதம் பழைய கட்டணத்தை விட 7,500 கூட. வியாபாரப் பதிவின் பிரதி, கடிதத் தலைப்பில் ஒரு கோரிக்கை, 25ஆம் போர்ட்டைத் திறக்கத் தனியாக இன்னொன்று. மூன்று கிழமை போனது.

பெப்ரவரிக் கடைசியில் கடிதங்கள் வெளியே போகத் தொடங்கின. போனவை எங்கே போய் விழுந்தன என்பது வேறு விசயம். சில, குப்பைக் கடிதத்தைத் தடுக்க விலாசங்களைப் பட்டியலிடும் ஸ்பாம்ஹவுஸ் என்ற அமைப்பின் பட்டியலில் உங்கள் ஐபி இருக்கிறது என்ற குறிப்போடு திரும்பி வந்தன. ஒரு குப்பைக் கடிதம் கூட அனுப்பாமலே குற்றவாளியா என்று எனக்குக் கோபம். விசாரித்தால், பிபிஎல் எனப்படும் அந்தப் பட்டியல் தண்டனைப் பட்டியல் இல்லை. நேரடியாக மெயில் அனுப்பத் தேவையில்லாத விலாசங்கள் என்று மொத்தமாகக் குறித்து வைத்தவை. உங்களிடம் இருப்பது நிலையான ஐபி, அதில் ஓடுவது உண்மையான மெயில் சேர்வர் என்றால் எடுத்துவிடச் சொல்லி விண்ணப்பிக்கலாம். ஆனால் அதற்கு முன் பிடிஆர் பதிவு சரியாக இருக்க வேண்டும்: ஐபியைக் கொடுத்தால் உங்கள் சேர்வரின் பெயரைச் சொல்லும் பதிவு. டொமைனை, அதாவது எங்கள் கந்தோரின் இணையப் பெயரை விற்றவரிடம் கேட்டேன், அவருக்குப் புரியவில்லை. டொமைன் அமைப்புகளை மாற்றும் பலகையில் தேடினேன், அங்கே அப்படி ஒரு பெட்டியே இல்லை. அது ஐபிக்குச் சொந்தக்காரரான இணைய நிறுவனம் மட்டுமே போடக்கூடியது. ஐந்து அழைப்பு, இரண்டு கிழமை. அந்தப் பெயரும், உங்கள் சேர்வர் மற்றச் சேர்வரிடம் தன்னை அறிமுகம் செய்யும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதை ஆறாவது அழைப்புக்கு முதல் நானே கண்டுபிடித்தது ஒரு ஆறுதல்.

டொமைனுக்குரிய விபரங்களை வெளியுலகத்துக்குச் சொல்லும் பதிவேடுதான் டிஎன்எஸ். அந்த வேலையில் இரண்டு முட்டாள்தனம் செய்தேன், சொல்லிவிடுகிறேன். எங்கள் பெயரில் எந்தச் சேர்வர்கள் மெயில் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்பிஎஃப் வரி, ஹோஸ்டிங்காரர் (இணையத்தளத்துக்கும் மெயிலுக்கும் தன் சேர்வரில் இடம் வாடகைக்குக் கொடுப்பவர்) போட்டது ஒன்று ஏற்கெனவே இருந்தது. அதைப் பார்க்காமல் இரண்டாவதாக ஒன்றைப் போட்டேன். ஒரு டொமைனுக்கு ஒன்றுதான் இருக்கலாம்; இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது. அடுத்தது, கடிதத்தில் கையொப்பம் வைக்கும் டிகிம். அதன் 2048 பிட் சாவி நீளமானது, டிஎன்எஸ்ஸில் ஒரு துண்டு 255 எழுத்துக்கு மேல் போகாது, ஆகவே துண்டாக்கிப் போட வேண்டும். நான் முழுதாக ஒட்டினேன், பலகை சத்தமில்லாமல் வாலை வெட்டிவிட்டது. ஒரு கிழமை எங்கள் கடிதங்கள் எல்லாம் யாராலும் சரிபார்க்க முடியாத கையொப்பத்தோடு போயிருக்கின்றன. போட்டவுடன் ஜிமெயிலுக்கு ஒன்று அனுப்பி, அங்கே 'ஷோ ஒரிஜினல்' என்று இருப்பதை அமத்தினால் எஸ்பிஎஃப், டிகிம், அவை அனுப்புகிறவரின் டொமைனோடு பொருந்துகிறதா என்று பார்க்கும் டிமார்க் மூன்றுக்கும் 'பாஸ்' விழுந்திருக்கிறதா என்று காட்டும். மூன்றும் விழும்வரை வேறு ஒருவருக்கும் அனுப்பாதீர்கள்.

நான் அனுப்பவிட்டேன். மார்ச் நடுப்பகுதியில் கொழும்பு நிறுவனம் ஒன்றுக்குத் தண்ணீர்ப் பம்பி வழங்க விலைமனு போனது. வெள்ளிக்கிழமை கடைசி நாள், புதன்கிழமையே அனுப்பியாகிவிட்டது. அடுத்த செவ்வாய் அங்கிருந்து அழைத்து, நீங்கள் ஏன் பங்குபற்றவில்லை என்று கேட்டார்கள். கடிதம் அவர்களுடைய ஜங்க் பெட்டிக்குள் கிடந்தது. எங்களுக்கு இரண்டு இலட்சத்துக்கு மேல் நிற்க வேண்டிய ஓடர். "தம்பி, அனுப்பினீங்களா இல்லையா?" என்றார் முதலாளி. சேர்வர் பதிவை அச்சடித்துக் கொண்டு போய்க் காட்டினேன்: மறுபக்கம் 250 என்று பதில் தந்திருக்கிறது சேர், வாங்கியிருக்கிறார்கள். அவர் வாசித்துவிட்டுத் தாளை மேசையில் கவிழ்த்து வைத்தார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். 250 என்றால் கதவடியில் வாங்கிக்கொண்டேன் என்பது மட்டும்தான். வாசிக்கிற மேசையில் வைத்தேன் என்று பொருள் இல்லை. நேற்று முளைத்த ஐபியை வெளியுலகம் நம்பாது, நம்பவேண்டிய கட்டாயமும் அதற்கு இல்லை. அந்த நம்பிக்கை மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வரும். அதுவரை முக்கியமான எதையும் அனுப்பிய கையோடு போன் எடுத்துக் கேட்டுவிடுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

இதற்கிடையில் மின்வெட்டு. பெப்ரவரியில் தொடங்கி, மார்ச் 31 அன்று நாளுக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் போனது. ஊரே ஏ, பி, சி என்று எழுத்தாகப் பிரிந்து, உங்களுக்கு எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொண்டு திரிந்தது. 32,000 ரூபாவுக்கு வாங்கிய யூபிஎஸ் அரை மணித்தியாலம் தாங்கும் என்றார்கள். பதினோராவது நிமிடத்தில் சேர்வர் பட்டென்று நின்றது. இப்படி நாலைந்து முறை விழுந்து எழும்பியதில் ஒரு டிஸ்க் செத்துப் போனது. ஜனவரியில் 13,000 ரூபாவுக்கு வாங்கிய அதே டிஸ்க் இப்போது 21,000. ரூபா மிதக்கவிடப்பட்டு, மே மாதத்தில் டொலர் 360 வரைக்கும் போன காலம். இன்வேட்டரும் பற்றரியும் 178,000. யூபிஎஸ்ஸிலிருந்து சேர்வருக்கு ஒரு யூஎஸ்பி வயர் கொடுத்து, பற்றரி குறையும்போது ஒழுங்காகத் தானே நிற்கும்படி முதல் நாளே வைத்திருந்தால் அந்த டிஸ்க்காவது தப்பியிருக்கும். ஜெனரேட்டர் இருந்தது, டீசல் இல்லை. எங்களிடம் கரண்ட் இருந்தாலும் சில நேரம் இணையம் இல்லை.

சேர்வர் நின்றால் வருகிற கடிதம் உடனே தொலைந்துவிடாது, இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் எனக்கு நித்திரை வந்தது. அனுப்புகிற சேர்வர் திரும்பத் திரும்ப முயலும். போஸ்ட்ஃபிக்ஸ் என்றால் சொல்லாமலே ஐந்து நாள் வரை வைத்திருக்கும். ஆனால் காலையில் அனுப்பிய விலைப்பட்டியல் இரவு வந்து சேர்ந்தால், விலை நாளுக்கு நாள் ஏறிய அந்த நாட்களில் அது பழைய பேப்பருக்குச் சமம். இன்னொன்று, இரட்டை டிஸ்க் இருக்கிறது என்று காப்புப் பிரதி எடுக்காமல் இருந்துவிடாதீர்கள். கணக்கு அக்கா கை தவறி ஒரு வருடக் கோப்புறையை அழித்தபோது, இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நேரத்தில் மிக ஒழுங்காக அழிந்தது.

ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு. புது டிஸ்க்குக்குப் பழையதிலிருந்து எல்லாம் பிரதியாகிக்கொண்டிருந்தது, இடையில் கரண்ட் போனால் மிச்சமும் போய்விடும் என்ற பயம். மருத்துநீர் வைத்து முழுகிய தலை காயவில்லை, நான் கந்தோருக்கு வெளிக்கிட்டேன். "மனே, ரெண்டு வாய் சாப்பிட்டுப் போ" என்று அம்மா படலை வரைக்கும் வந்தா. மனைவி ஒன்றும் சொல்லவில்லை, சின்னவனைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பூட்டிய கந்தோரில் தனியாக இருந்து, சதவீதம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு பலகாரம் தின்றேன். அன்றைக்குத்தான் முதன்முதலாக, 24 பேருடைய கடிதத்துக்கு ஒருத்தன் தனியாகப் பொறுப்பெடுத்தது வீரம் இல்லை, விசர் வேலை என்று தோன்றியது.

அப்படியும் விடவில்லை. மே மாதம் ஒரு காலை எல்லோரும் மெயில் போகவில்லை என்றார்கள். மெயில்கியூவைப் பார்த்தால் 38,000 கடிதம் வரிசையில் நிற்கிறது. கிளைக்காரர்கள் வீட்டிலிருந்தும் அனுப்ப வசதியாக 587ஆம் போர்ட்டை உலகத்துக்கே திறந்து வைத்திருந்தேன். களஞ்சியத்தின் கடவுச்சொல் 'ஸ்டோர்ஸ்123'. பதிவுகளைப் பின்னோக்கிப் பார்த்தபோது, திறந்த நாளிலிருந்தே எங்கெங்கோ இருந்து ஆயிரக்கணக்கில் கடவுச்சொல் ஊகித்துத் தட்டியிருக்கிறார்கள், நான்தான் பார்க்கவில்லை. இப்படி நடந்தால் முதலில் போஸ்ட்ஃபிக்ஸை நிறுத்துங்கள். பதிவில் எந்தக் கணக்கின் பெயரால் நுழைந்தார்கள் என்று தேடி, கடவுச்சொல்லை மாற்றி, அந்தப் பெயரில் நிற்கும் கடிதங்களை அழித்த பிறகுதான் கறுப்புப் பட்டியல்களிலிருந்து எடுக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். நான் அவசரப்பட்டு முதலில் கேட்டேன். எடுத்தார்கள், அன்று பின்னேரமே திரும்பப் போட்டார்கள். தொடர்ந்து பிழையாகத் தட்டும் ஐபியை ஃபெயில்டூபேன் என்ற மென்பொருள் தானாக வெளியே தள்ளும். ஒரு கணக்கு மணித்தியாலத்துக்கு இத்தனை கடிதத்துக்கு மேல் அனுப்ப முடியாது என்று ஒரு வரம்பும் வேண்டும். இரண்டையும் முதல் நாளே போட்டிருந்தால் சேதம் நூறு கடிதத்தோடு நின்றிருக்கும். எங்கள் நல்ல பெயர் மார்ச்சில் இருந்த இடத்துக்கே திரும்பிப் போனது.

நொந்துபோய் நானாவின் கடையில் போய் இருந்தேன். பிளேன்டீ எடுப்பித்துத் தந்துவிட்டு அவர் கேட்டார்: "தம்பி, கடிதத்த கந்தோருக்குள்ள வெச்சிருக்கிறதுதானே உங்கட முதலாளி கேட்டது? அனுப்புற வேலையையும் ஏன் நீங்க தலையில தூக்கி வெச்சிருக்கிறீங்க?" ஐந்து மாதமாக இந்தக் கேள்வி எனக்கு வரவில்லை.

ஜூன் மாதம் எல்லாவற்றையும் பிரித்துக் கட்டினேன். ரூபாவில் காசு வாங்கும் உள்ளூர் ஹோஸ்டிங் ஒன்றில் ஆளுக்கொரு பெட்டி, வருடத்துக்கு 24,000 ரூபா. வெளியிலிருந்து வருபவை முதலில் அங்கே போய் இறங்கும். எங்கள் சேர்வர் இரண்டு நிமிடத்துக்கொருமுறை போய் இழுத்து வந்து இங்கே சேமிக்கும். வெளியே போகிறவை, எங்கள் போஸ்ட்ஃபிக்ஸில் ரிலேஹோஸ்ட் என்ற ஒரு வரியால், 587ஆம் போர்ட் வழியாக அந்த ஹோஸ்டிங்கிடம் போய், அவர்களுடைய நல்ல பெயரில் வெளியேறும். கந்தோருக்குள் சுற்றுகிறவை முன்போலவே உள்ளேயே சுற்றும். கிளைக்காரர்கள் நேரே ஹோஸ்டிங் பெட்டியில் பார்ப்பார்கள். நிலையான ஐபி தேவையில்லை, 25ஆம் போர்ட் தேவையில்லை, உள்ளே வர ஒரு கதவும் திறக்கத் தேவையில்லை. வர்த்தக இணைப்பை விட்டுவிட்டோம்.

இதிலும் இரண்டு குழி இருந்தது. காசு மிச்சம் பிடிக்க எல்லோருக்கும் பொதுவாக ஒரே பெட்டி போட்டு, இங்கே கொண்டுவந்து பெயரைப் பார்த்துப் பிரிக்கலாம் என்று நினைத்தேன். பிசிசி (மற்றவர்களுக்குத் தெரியாமல் அனுப்பும் பிரதி) போட்டு வரும் கடிதத்தில் உண்மையில் யாருக்கு வந்தது என்பது கடிதத்துக்குள் இருக்காது, அது உறையில் எழுதியது. பொதுப்பெட்டியில் விழும்போது உறையைக் கிழித்துவிடுவார்கள். அதனால் ஆளுக்கொரு பெட்டிதான் சரி. மற்றது, டொமைன் முழுவதும் தனக்குள்தான் இருக்கிறது என்று எங்கள் சேர்வர் நம்பிக்கொண்டிருந்ததால், கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் நாங்கள் அனுப்பிய கடிதங்கள் இரண்டு நாள் இங்கேயே கிடந்தன. கிளை விலாசங்களை மட்டும் வெளியே அனுப்பச் சொல்லி டிரான்ஸ்போர்ட் மேப்பில், அதாவது எந்த விலாசத்துக் கடிதம் எந்த வழியால் போக வேண்டும் என்ற பட்டியலில், எழுதியபின் சரிவந்தது.

மெஷின், டிஸ்க், யூபிஎஸ், இன்வேட்டர், இணைப்பு எல்லாம் கூட்டிப் பார்த்தேன், 391,500 ரூபா. கைவிட்டுப்போன பம்பி ஓடரைச் சேர்க்கவில்லை. என்னுடைய பின்னேரங்களையும் ஞாயிறுகளையும் முதலாளி கணக்கெடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. சேர்வரின் கடவுச்சொற்களை ஒரு உறையில் போட்டு ஒட்டி, அவருடைய இரும்புப் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். ஜூலையில் எனக்கு மூன்று நாள் காய்ச்சல் அடித்தபோது, அந்த உறை அப்போது இல்லாததால் கணக்கு அக்கா பதினாறு தரம் போன் எடுத்தா. 2024 பெப்ரவரியிலிருந்து ஜிமெயில் பிடிஆர் இல்லாமல், எஸ்பிஎஃப் அல்லது டிகிம் இல்லாமல் வருகிறவற்றை இன்னும் கடுமையாகப் பார்க்கத் தொடங்கியது. ஹோஸ்டிங்காரர் தந்த இரண்டு வரியை டிஎன்எஸ்ஸில் மாற்றினேன், அவ்வளவுதான் என் பங்கு.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கு ஒன்று பாய்ந்து நாடு முழுக்க இருண்ட நாள். பின்னேரம் சின்னவனோடு கல்லடிக் கடற்கரையில் இருந்தேன். இன்வேட்டர் பற்றரி முடிந்து சேர்வர் தானாக நின்றதும், கரண்ட் வந்ததும் தானாக எழும்பிப் போய் ஹோஸ்டிங்கில் காத்துக் கிடந்த பதினேழு கடிதத்தையும் இழுத்து வந்து வைத்ததும், திங்கட்கிழமை காலை பதிவைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும்.